கண்டக்டரின் கோட்டு

கடைத்தெருவில் அவரை 'அரை இஞ்சு மாஸ்டர்' என்று சொன்னால்தான் தெரியும். பேன்ட் தைக்க வருகிறவர் ஒல்லியோ குண்டோ, அளவெடுத்து முடித்து டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எதுக்கும் அரை இஞ்சு சேர்த்து வைக்கிறேன்" என்பார். உட்காருவதற்கு அரை இஞ்சு, விருந்துச் சாப்பாட்டுக்கு அரை இஞ்சு, துணி சுருங்கினால் அதற்கு அரை இஞ்சு. முப்பத்தொரு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி, பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் மிச்சமிருந்தது.

நல்ல மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம்: தப்பாகத் தைத்த துணியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் நூல் தொங்கினால் பிடித்து இழுத்துவிடுவார். அதனால் இரண்டு தடவை அடிவாங்கப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை வாங்கியே விட்டார்.

அவர் மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக உலகத்தின் பதற்றத்தையெல்லாம் காதில் வாங்கி, "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று பஞ்சு மாதிரிக் குரலில் சொல்லி, சரியான வார்டுக்கு அனுப்பி வைக்கிற வேலை. வீட்டிலும் அதே கதைதான். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் மாஸ்டர் ஏதாவது ஆரம்பித்தால், "லைன்ல இருங்க" என்பாள். அவரும் இருப்பார்.

இவர்கள் இருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பியது மகள். பன்னிரண்டு நாள் பயணம். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"கடையை யாரு பாத்துப்பா?" என்றார் மாஸ்டர்.

"பூட்டு பாத்துக்கும்பா."

அதற்கு மேல் பேச இடமில்லை. கிளம்பிவிட்டார்கள்.

விமான நிலையத்திலேயே முதல் அடி விழுந்தது. கைப்பையில் வைத்திருந்த நூல் வெட்டும் சின்னக் கத்தரியைச் சோதனை செய்தவர் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஊசிகள், நாலைந்து நூல்கண்டு, டேப், ஒரு நகவெட்டி, இவற்றை மட்டும் விட்டுவைத்தார். "ஊசியால குத்தலாம்னு அவருக்குத் தெரியல பாரு" என்று மாஸ்டர் முணுமுணுக்க, மனைவி முழங்கையால் இடித்து அவரை நகர்த்தினாள். இரண்டாவது அடி வானத்தில். இரண்டு விமானம், பத்தொன்பது மணி நேரம். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது தக்காளி ஜூஸ் முழுக்கோப்பையும் அவர் மடியில். விபத்தில் மாட்டியவர் மாதிரிதான் அந்த நாட்டுக்குள் நுழைந்தார்.

பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில் மாஸ்டர் பெரிய கெட்டிக்காரத்தனம் காட்டினார். மகள் அவர்களுடைய கறுப்புப் பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டிருந்தாள், அடையாளம் தெரிவதற்கு. சிவப்பு ரிப்பனோடு கறுப்புப் பெட்டி வந்ததோ இல்லையோ, பாய்ந்து பிடித்துவிட்டார். உலகத்தில் உள்ள எல்லா மகள்களும் எல்லா அப்பாக்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஹோட்டலில் மூன்றாவது மாடியில் அறை. கட்டில் போக நடப்பதற்கு ஒரு முழம் இடம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடச் சுவர், கழுத்தை ஒடித்துப் பார்த்தால் ஓரமாக ஒரு துண்டு ஆறு. மாஸ்டர் நேரே குளியலறைக்குப் போனார். கறை காய்ந்துவிட்டால் போகாது என்பது அவர் தொழில் ஞானம். பேன்ட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து தொங்கவிட்டு, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார்.

மனைவி திறந்த பெட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். கையில் ஒரு பழுப்பு நிற பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மாஸ்டர் மாதிரி இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் பண்ணலாம்.

"என்னங்க, இது உங்களோடதா?"

மாஸ்டர் கண்ணாலேயே அளந்தார். "இடுப்பு அம்பத்திரெண்டு."

"அளவு கேக்கல. யாரோடதுன்னு கேட்டேன்."

உள்ளே இன்னும் மூன்று பேன்ட், போர்வை அகலத்துக்குச் சட்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் காகிதம் சுற்றி மடித்த ஒரு நீளமான கறுப்புக் கோட்டு. பெயர் இல்லை, முகவரி இல்லை. மகள் இவர்கள் பெட்டியில் ஹோட்டல் பெயரோடு பெரிய சீட்டு ஒட்டியிருந்தாள். இதில் அது இல்லை. பிடித்து இழுத்த வேகத்தில் அதை யார் பார்த்தது?

"சிவப்பு ரிப்பன் இருந்துச்சும்மா," என்றார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டுவதைவிட மோசமான காரியம் செய்தாள்: ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு டெலிபோனை எடுத்தாள். விமானக் கம்பெனியின் எண்ணைப் போட்டாள். ஒரு பதிவுக்குரல் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பியானோ வாசிக்க ஆரம்பித்தது.

அரை மணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களை லைனில் வைத்திருந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே லைனில் நின்றாள்.

"இது என்னங்க அநியாயமா இருக்கு? ஒரு ஆளைக் காக்க வச்சா மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வந்து பேசணும். 'உங்களை மறக்கல, பாத்துக்கிட்டிருக்கோம்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பதான் அவங்களுக்கு மூச்சு வரும். இவங்களுக்கு யாரு ட்ரெய்னிங் குடுத்தா?"

"வச்சிட்டு மறுபடியும் போடேன்."

"வச்சா வரிசைல கடைசிக்குப் போயிடுவோம். பேசாம இருங்க."

இன்னும் ஒரு அரை மணி நேரத்தில் பியானோ அவளைத் தாலாட்டிவிட்டது. ரிசீவரைக் காதுக்கும் தலையணைக்கும் நடுவே வைத்தபடியே சாய்ந்து தூங்கிப்போனாள். எழுப்ப மாஸ்டருக்கு மனசு வரவில்லை, தைரியமும் வரவில்லை.

துண்டோடு உட்கார்ந்திருந்தார். வெளியே போகப் பேன்ட் இல்லை. உள்ளே செய்ய வேலை இல்லை. வேலையில்லாத கை என்ன செய்யும்? அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டது.

துணியைத் தொட்டதும் அவர் முகம் மாறிற்று. அப்பேர்ப்பட்ட துணி. விரலுக்கு நடுவே தண்ணீர் மாதிரி வழுக்கியது. ஆனால் தைத்தவனைத்தான் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். வலது கக்கத்தில் தையல் விட்டுப்போய், நாலு தடவை நாலு பேர் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் கறுப்பு நூலில், ஒருத்தர் நீல நூலில், கடைசி ஆள் பல் இடுக்குக்குப் போடுகிற நூலில் தைத்தானோ என்னவோ.

ஒருவர் போட்ட துணியைக் கையில் கொடுத்தால் மாஸ்டர் அவர் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். பேன்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். பின்பக்கம் தேயவில்லை, ஆகவே ஆள் உட்காருவதே இல்லை. குதிகால் படுகிற இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஆகவே நாள் முழுக்க நிற்கிறார். வலது கக்கம் மட்டும் கிழிகிறது. ஆகவே வலது கையைத் தூக்கியபடியே இருக்கிறார். நாள் முழுக்க நின்றுகொண்டு கையைத் தூக்கிவைத்திருக்கிற மனுஷன் யார்? மேலே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவரோ?

யாராக இருந்தால் என்ன? கை வந்து சேர்கிற கைவளைவு இரண்டு இஞ்சு கீழே இறங்கிவிட்டது. கையைத் தூக்கும்போது கோட்டு முழுக்கத் தூக்கிக்கொண்டு காதுவரைக்கும் வரும். இதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தனுக்கும் நோய் புரியவில்லை, எல்லோரும் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

'உள்ளே எப்படித்தான் இருக்குன்னு ஒரு பார்வை' என்று நினைத்துக்கொண்டு நகவெட்டியை எடுத்தார். ஒரு தையல் பிரித்தார். பிறகு பக்கத்துத் தையல். வீட்டிலிருந்து வெளிநாடு வரைக்கும் வந்த சோர்வெல்லாம் எங்கே போயிற்றோ, வாயில் தானாக ஒரு சீட்டி வந்துவிட்டது. சீட்டி நின்றபோது பார்த்தால், கோட்டு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகக் கிடந்தன.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்தருடைய கோட்டு. கேட்காமல் கொள்ளாமல் கையை வெட்டியாகிவிட்டது.

மனைவியைப் பார்த்தார். குறட்டை. சரி, அவள் எழுவதற்குள் தைத்துவிடலாம். அதற்கு ஒரு கத்தரி வேண்டும், தின்ன ஏதாவது வேண்டும், இரண்டும் கீழேதான் கிடைக்கும். துண்டோடு போக முடியுமா? பழுப்பு நிற பேன்ட்டை மாட்டிக்கொண்டு, உபரியாக இருந்த பதினெட்டு இஞ்சையும் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, ஒரே நூலில் ஓட்டுத் தையல் போட்டார். நூலை இழுத்தால் பிரிந்துவிடும், துணிக்கு ஒரு சேதமும் இல்லை. கால் நீளத்தை நாலு சுற்றுச் சுற்றினார். முன்னால் பார்த்தால் கனவான். பின்னால் பார்த்தால் நாடக மேடைத் திரை.

கீழே வரவேற்பு மேஜையில் ஓர் இளம்பெண் இருந்தாள். இவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம், இவருக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம்; இரண்டும் சந்திக்கிற இடத்தில் பேச்சு நடந்தது. இவர்களுடைய பெட்டி வேறொருவரிடம் இருக்கிறதாம். அதில் ஹோட்டல் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் காலையிலிருந்து போன் பண்ணிக்கொண்டிருக்கிறாராம். இவள் அறைக்குப் பன்னிரண்டு தடவை போட்டும் லைன் எங்கேஜ்டாம். கதவைத் தட்டியும் பதில் இல்லையாம், உள்ளே யாரோ சீட்டியடிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

மனைவி விடாமல் பிடித்துக்கொண்டிருந்த லைன்தான் அது என்று மாஸ்டருக்கு விளங்கிற்று. இதை மனைவியிடம் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினார்.

"அவர் யாரு?" என்றார்.

"கண்டக்டர்," என்றாள் அந்தப் பெண், ஏதோ ராஜா பெயரைச் சொல்வது மாதிரி. "பெரிய கண்டக்டர்! சிக்ஸ் ஓ கிளாக் வேலை. கறுப்புக் கோட்டு வேணும். மூணு மணிக்கு வர்றார்."

"நெனச்சேன்!" என்று மாஸ்டர் மேஜையைத் தட்டினார். நிற்கிற வேலை, கை தூக்குகிற வேலை, பஸ்ஸில் மணிக்கயிறு இழுப்பவர்! ஜாதகம் அச்சுப் பிசகவில்லை. அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்தது. மணியைப் பார்த்தார்: இரண்டு. ஆறு மணிக்கு ட்யூட்டி ஏறுகிற மனுஷனுக்கு யூனிபார்ம் ஒரு கையோடு கிடக்கிறது.

மேஜைமேல் இருந்த கத்தரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தட்டில் இருந்த இரண்டு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி மாடிக்கு ஓடினார்.

கோட்டின் அடிமடிப்பில் தாராளமாகத் துணி விட்டிருந்தார்கள். அதிலிருந்து சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி ஒரு துண்டு வெட்டி, கக்கத்தில் வைத்து, கைவளைவை மேலே ஏற்றி, ஊசியை ஓட்டினார். வாயில் ரொட்டி, கையில் ஊசி. பாதி வட்டம்கூட முடியவில்லை, கதவு இடிபட்டது. மணி இரண்டரை. மூன்று மணிக்கு வருகிறேன் என்றவர் அரை மணி முன்னால் வந்து நிற்கிறார்!

கதவைத் திறந்தால் வாசலே தெரியவில்லை. அதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மனுஷன். வெள்ளைத் தலை, சிவந்த முகம், பக்கத்தில் சிவப்பு ரிப்பனோடு மாஸ்டரின் பெட்டி. சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினார். பிறகு அவர் கண் கீழே இறங்கிற்று. தன்னுடைய பேன்ட். கண் கட்டிலுக்குப் போயிற்று. தன்னுடைய கோட்டு. அப்புறம் மாஸ்டர் கையில் இருந்த தன்னுடைய கோட்டின் கை.

மொழி புரியாவிட்டாலும் திட்டு புரியும். அந்த மனுஷனின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்டர் "சார், ஒன் மினிட் சார், கக்கம் சார்" என்று தன் கக்கத்தையே காட்டிக் காட்டி விளக்கினார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கிற்று.

மனைவி எழுந்தாள். கட்டிலில் ரிசீவர், எதிரே கத்துகிற மலை, நடுவில் ஊசியும் கையுமாகப் புருஷன். பார்த்த உடனே அவளுக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது; இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியவள்.

"கையைப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிச்சிட்டேன்மா."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒண்ணரை மணி."

புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். அந்த மனுஷன் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் அலறிக்கொண்டு வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த குரலை எடுத்தாள். இங்கிலீஷில்தான் பேசினாள், ஆனால் அந்தக் குரலுக்கு மொழியே தேவையில்லை.

"சார், வணக்கம். உங்க பிரச்சனை எங்களுக்குப் புரியுது. என் வீட்டுக்காரர் தையல்காரர். கோட்டுல ஒரு கோளாறு இருந்துச்சு, அதைச் சரி பண்ணிக்கிட்டிருக்கார். அஞ்சு மணிக்கு முன்னால கோட்டு உங்க கையில இருக்கும். தயவுசெஞ்சு காத்திருங்க."

எப்படியென்று தெரியவில்லை, அவர் உட்கார்ந்துவிட்டார். அறையில் இருந்த ஒரே நாற்காலி அவருக்குப் பாதிதான் காணும். மீதிப் பாதியைக் காற்றில் வைத்துச் சமாளித்தார். மாஸ்டர் இடைவெளி பார்த்துக் குளியலறைக்குள் போய், திரும்பி வந்த பெட்டியிலிருந்து எடுத்த தன் சொந்தப் பேன்ட்டுக்கு மாறினார். பழுப்பு பேன்ட்டின் நூலை ஒரே இழுப்பில் உருவினார். பதினெட்டு இஞ்சும் மூச்சு விட்டுக்கொண்டு பழையபடி விரிந்தது.

மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மனைவி அந்த மனுஷன் முன்னால் போய் நின்றாள். "சார், காத்திருக்கிறதுக்கு நன்றி. உங்களை நாங்க மறக்கல. முன்பக்கம் முடிஞ்சுது, இப்ப பின்பக்கம் போயிட்டிருக்கு." முதலில் முறைத்தார். ஆறாவது தடவை தலையாட்டினார். பத்தாவது தடவை அவள் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தபோது, அவரே கடிகாரத்தைக் காட்டிக் கேட்டார்.

நாலே கால் மணிக்கு மாஸ்டர் பல்லால் நூலை அறுத்தார். கோட்டை விரித்துப் பிடித்தார். அந்த மனுஷன் எழுந்து மாட்டிக்கொண்டு, அடிக்கப் போகிறவர் மாதிரி வலது கையை மெல்ல உயர்த்தினார். காதுவரைக்கும் வர வேண்டிய கோட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் உயர்த்தினார். அசையவில்லை. இரண்டு கையையும் தூக்கினார், அலை மாதிரி ஆட்டினார், கண்ணை மூடிக்கொண்டு அலமாரியைப் பார்த்து விரலால் குத்தினார், எதையோ அள்ளி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க பண்றாரு?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"கண்டக்டர்மா. கூட்டத்தை இறக்கி ஏத்திப் பாக்குறாரு."

கண்ணைத் திறந்த மனுஷன் மாஸ்டரை அப்படியே தூக்கி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து இறக்கிவைத்தார். மாஸ்டருக்கு மனைவியைப் பார்க்கவே கூச்சமாகப் போய்விட்டது. கையோடு இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மாஸ்டர் பஸ் டிப்போவைத் தேடிக்கொண்டே வந்தார். கார் நின்றதோ, பெரிய பெரிய தூண் வைத்த ஒரு மண்டபத்தின் வாசலில்.

"டிப்போவை எப்படிக் கட்டியிருக்காங்க பாரு!" என்றார்.

உள்ளே ஆயிரம் நாற்காலி, சிவப்பு மெத்தை. மேடையில் அறுபது எழுபது பேர் வயலின், குழல் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் இவர்களை உட்கார வைத்துவிட்டுப் போன மனுஷன், சரியாக ஆறு மணிக்கு மேடைக்கு வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கும்பிடுகிற மாதிரிக் குனிந்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் ஒரு சின்னக் குச்சியை எடுத்து, வலது கையை உயர்த்தினார். அறுபது வாத்தியமும் ஒன்றாகப் பேசின.

"என்னங்க," என்றாள் மனைவி மெதுவாக, "இது வேற கண்டக்டர்."

மாஸ்டரின் கண் கோட்டின் கக்கத்தைவிட்டு அகலவில்லை. கை மேலே போயிற்று, கோட்டு நின்றது. வேகமாக வீசினார், நின்றது. இத்தனை பேர் முன்னால், இத்தனை வெளிச்சத்தில், தன் தையலை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் முப்பத்தொரு வருஷத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை. பேன்ட் தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொண்டு நடந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான். நடுவில் எங்கேயோ, குழல் ஒன்று மட்டும் தனியாக இழுத்த இடத்தில், கோட்டு அவர் கண்ணைவிட்டுப் போய்விட்டது. எப்போது மறந்தார் என்று அவருக்கே தெரியாது. கன்னத்தில் ஈரம் பட்டபோது சட்டென்று துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். நல்லவேளை, அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கைதட்டல் வெடித்தபோது திடுக்கிட்டு எழுந்து, "சொல்லுங்க, எந்த வார்டு?" என்றாள்.

எட்டு மணிக்கு வெளியே வந்தார்கள். கண்டக்டரின் ஆட்கள் காரில் கொண்டுவிடுகிறோம் என்றதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆற்றங்கரையோடு நேரே நடந்தால் ஹோட்டல் வந்துவிடும். வழியில் ஒரு கடையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து ஊரில் அவர்கள் ஒழுங்காகப் பார்த்த முதல் இடம் அதுதான். ஆற்றில் வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. மனைவி செருப்பைக் கழற்றி வீங்கின காலை நீட்டிக்கொண்டாள்.

"மலை மாதிரி மனுஷனை நாற்காலில உக்கார வச்சியே, அது பெரிய விஷயம்மா," என்றார் மாஸ்டர்.

"வேலையத்த வேலை பண்ணி வச்சதும் நீங்க, பாராட்டுறதும் நீங்க." முட்டையை உரித்து அவரிடம் கொடுத்தாள். "ஆனா நல்லாத்தான் நின்னுது அந்தக் கை."

"பாத்தியா நீ?"

"தூங்குறதுக்கு முன்னால பாத்தேன்."

இருவருக்கும் கண் சொக்கியது. ஆனால் வெயில் இன்னும் பளபளவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தோடு போய்ப் படுத்தால் நன்றாகவா இருக்கும்? ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

"இருட்டட்டும், போலாம்," என்றார் மாஸ்டர்.

காத்திருந்தார்கள். ஒன்பது மணி ஆயிற்று. மாலை மாதிரி இருந்தது. ஒன்பதரைக்கும் அதே மாலைதான். சூரியன் எதிர்க்கரைக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மனைவி சூரியனையும் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள்.

"என்னங்க, உங்க வாட்ச்ச இந்த ஊர் நேரத்துக்கு மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன்மா. ஹோட்டல் கடிகாரத்தைப் பாத்துத்தான் மாத்தினேன்."

"அப்ப ஏன் இருட்ட மாட்டேங்குது?"

அந்த வடக்கு நாட்டில் கோடையில் பத்து மணிக்கு மேல்தான் இருட்டும் என்று மாஸ்டருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது, கைக்குழந்தைகூட முழித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எல்லோரும் எப்போதுதான் தூங்குவார்கள் என்று நினைத்தபடியே, இருட்டுவதற்காக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.